தப்பே இல்லாத பாடம்

அந்தத் தெருவில் டீச்சர் வீடு எது என்று கேட்டால், தபால்காரர் முதல் தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவர் வரை எல்லோரும் ஒரே வீட்டைத்தான் கை காட்டுவார்கள். கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். அண்ணனும் தம்பியும் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்புகிறவர்கள். டீச்சர் என்பது அண்ணனின் மனைவி. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பத்தொன்பது வருடம் இலக்கணம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்த பெயர் அது. கட்டின கணவரே "டீச்சர், என் கண்ணாடியப் பார்த்தீங்களா" என்றுதான் கேட்பார். கேலியாகத் தொடங்கிய மரியாதை, நாளடைவில் பழகிவிட்டது.

தம்பி மனைவியை வீட்டில் சின்னவள் என்பார்கள். பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டவள். மருந்துக் கடை கவுன்ட்டரில் எட்டு வருடம் நின்றவள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பொறுமையாகத் திருப்பித் திருப்பிச் சொல்லியே பழகிய வாய். கடையை மூடிவிட்டார்கள். அவள் வீட்டோடு இருந்தாள்.

அப்போதுதான் லிஃப்ட் கம்பெனியில் வெல்டர் ஒருவர், வேற்று மொழிக்காரர், தமிழ்க் குடும்பத்தில் பெண் எடுத்தவர், மாமியார் பேசுவது ஒன்றும் புரியவில்லை என்று தம்பியிடம் புலம்பினார். சின்னவள் அவருக்காகப் போனில் பத்து வாக்கியம் பேசி அனுப்பினாள். "போதும் அத்தை, வயிறு நிறைஞ்சிடுச்சு." "இல்ல அத்தை, கோபமெல்லாம் இல்ல, தூக்கம்தான்." வெல்டர் அதைத் தன்னைப் போலவே மாட்டிக்கொண்டிருந்த இன்னொரு மாப்பிள்ளைக்கு அனுப்பினார். அவர் இன்னும் நாலு பேருக்கு. ஆறு மாதத்தில் அது வீடியோவாகி, வீடியோ வகுப்பாகி, மாடியில் சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறை காலியாகிவிட்டது. எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்கப் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டாள். புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனை நிறுத்தினாள். தெருவில் வண்டிச் சத்தம் அடங்கும் பத்து மணிக்குப் பதிவு. கீழே சமையலறையில் நிற்கும் டீச்சருக்குத் தலைக்கு மேலே நாற்காலி இழுபடுவதும், பிறகு ஒரு குரல் ஏறி இறங்குவதும் கேட்கும். சொல் புரியாது. சிரிப்பு மட்டும் புரியும்.

முதலில் டீச்சர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இலக்கணம் என்ன, மாத்திரை என்ன, ஒற்று எங்கே மிகும் என்று தெரியாதவள் என்னத்தைச் சொல்லிக் கொடுத்துவிடப் போகிறாள் என்று நினைத்தார். ஆனால் கணக்கு வேறு மாதிரி ஓடியது. வார இறுதிப் பள்ளியில் ஒரு காலத்தில் பெஞ்சு போதாமல் பிள்ளைகளை ஜன்னல் திண்டில் உட்கார வைத்தவர் அவர். இப்போது பதினொரு பேர். அதிலும் இரண்டு பேர் அண்ணன் தங்கை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு இடம் காலி. மாடியில் இரண்டாயிரத்து முந்நூறு பேர். பல் டாக்டர் ஒருத்தி, லாரி ஓட்டுகிறவர் ஒருவர், பாட்டியோடு பேச ஆசைப்பட்ட கல்லூரிப் பெண்கள், யார் யாரோ.

ஒரு நாள் கூரியர்க்காரர் வாசலில் நின்று "டீச்சருக்குப் பார்சல்" என்றார். டீச்சர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அட்டைப் பெட்டியில் சின்னவளின் பெயர், அதற்குப் பக்கத்தில் வளைந்த, புதிதாக எழுதப் பழகிய தமிழ் எழுத்தில் 'டீச்சர்'. லாரிக்காரர் அனுப்பிய வட்ட விளக்கு. முகத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்று அவரே வாங்கி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து தெரு ஒரு வசதி செய்துகொண்டது. கீழே பெரிய டீச்சர், மேலே சின்ன டீச்சர். பெரிய என்று சொன்னதில் யாருக்கும் குறைத்துப் பேசும் எண்ணம் இல்லை. ஆனால் பத்தொன்பது வருடம் அடைமொழியே தேவைப்படாத ஒரு பெயருக்கு, வயதான சாமானுக்குச் சீட்டு ஒட்டுவதுபோல முன்னால் ஒரு சொல்லை ஒட்டினால் எப்படி இருக்கும்?

அதற்கும் மேல் ஒன்று நடந்தது. சாயங்காலம் கணவர் குளித்துவிட்டு வந்து போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, "நம்ம சின்னது கொழுந்தனார், நாத்தனார், ஓரகத்தின்னு உறவு முறையைச் சொல்லிக் குடுக்குது. வயிறு வலிக்குது போ" என்றார். டீச்சர் அந்த மனிதரைத் தன் வகுப்புக்கு ஒரு தடவையாவது வரச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அன்றெல்லாம் முதுகு வலி.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத மத்தியானத்தில் டீச்சர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு முதல் பாடத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார். முகம் மலர்ந்தது. தப்பு இருந்தது. ஒன்றா இரண்டா! 'முயற்ச்சி' என்று ஒரு ச் கூடுதலாக எழுதியிருந்தாள். எண்ணெயை 'எண்ணை' ஆக்கியிருந்தாள். பதற்றத்தை 'பதட்டம்' என்று பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். சிவப்பு மையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத கை. ஆனால் சொந்தப் பெயரில் எழுதினால், பார்க்கிறார் என்று தெரிந்துவிடும். ஒன்றரை மணி நேரம் போராடி, இரண்டு முறை கடவுச்சொல் மறந்து, பூதக்கண்ணாடி என்ற பெயரில் ஒரு கணக்குத் திறந்தார். முதல் கருத்தை எழுதினார். "முயற்ச்சி தவறு. முயற்சி என்பதே சரி. வல்லின றகர ஒற்றுக்குப் பின் இன்னோர் ஒற்று வாராது. கற்பிப்பவர் முதலில் கற்க."

கடைசி வாக்கியத்தை எழுதியபோது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. எல்லோரும் படிப்பார்கள், சிரிப்பார்கள், இவள் குறுகிப்போவாள் என்று காத்திருந்தார். சாயங்காலம் பதில் வந்தது. "ரொம்ப நன்றி சார். இப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். மாத்திட்டேன். இன்னும் தப்பு இருந்தா சொல்லுங்க சார்." மாற்றியும் இருந்தாள்.

சார்! இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவர் ஓய்வு பெற்ற ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொல்லவே சொன்னாள்.

அப்படியே நாலு மாதம் ஓடியது. டீச்சர் தப்பு கண்டுபிடிப்பார். சின்னவள் நன்றி சொல்லித் திருத்துவாள். திருத்தியதை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு அடுத்த பாடத்தில் அந்தத் தப்பு வராமல் பார்த்துக்கொண்டாள். மொத்தம் நாற்பத்து மூன்று திருத்தம். பதினொரு பேருக்கு நேரில் சொல்லி ஏறாதது, திரைக்குப் பின்னால் இருந்து திட்டியதில் ஒருத்திக்கு ஏறிக்கொண்டே போனது. குழியில் தள்ளப் போட்ட கல்லையெல்லாம் அவள் படியாக அடுக்கி ஏறிக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் விட முடியவில்லை. விட்டால் பார்ப்பதற்கு ஒரு சாக்கு இருக்காது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. சில பாடங்களை மூன்று முறைகூடப் பார்த்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை பள்ளிச் செயலாளர் வகுப்பு முடிந்ததும் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார். பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், அடுத்த வருடத்திலிருந்து இணையத்தில் ஒரு வகுப்பு நடத்தலாம் என்று குழு நினைக்கிறது என்று சுற்றி வளைத்தார். டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்படிச் செய்யலாம் என்று மனதுக்குள் நாலு மாதமாகப் பார்த்து வைத்திருந்தது எல்லாம் வாய் வரை வந்தது. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க ஓரகத்திகிட்ட நீங்களே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். கேட்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் புதுப் பாடத்தைத் திறந்தார். எங்கே இருக்கிறது என்று சொல்வது பற்றிய பாடம். வாளி கிணற்றில் இருக்கிறது. சட்டை கயிற்றில் தொங்குகிறது. படம் சுவரில் மாட்டியிருக்கிறது. மேலே, கீழே, உள்ளே, பக்கத்தில். பதினான்கு நிமிடம். டீச்சர் பேனாவோடு உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். எழுத்துப் பலகையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ஒற்றெல்லாம் அதன் அதன் இடத்தில் இருந்தது. 'ழ' தெளிவாக விழுந்தது. சொல்லிக் கொடுத்த விதம் வேறு, டீச்சர் மூன்று வகுப்பில் செய்வதை அவள் ஒரு வாளியையும் ஒரு சட்டையையும் வைத்து முடித்திருந்தாள்.

தப்பு இருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அந்தப் பதினான்கு நிமிடத்தில் அவருக்கு என்று செய்ய ஒரு வேலையும் இல்லை.

வார இறுதிப் பள்ளி நடக்கும் வாடகை ஹால் வாசலில் காவல்காரர் எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு. 'சுவற்றில் சாயாதீர்கள்.' ஊரில் பாதிப் பேர் எழுதும் தப்பு. அதை மாற்றச் சொல்லி டீச்சர் குழுவுக்கு மூன்று முறை கடிதம் கொடுத்தவர். அதே கை இப்போது தட்டியது: "கிணறு, கிணற்றில். கயிறு, கயிற்றில். அதுபோலவே சுவர், சுவற்றில். 'சுவரில்' என்று கற்பித்திருப்பது பிழை."

அனுப்பும் குறியின்மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழுத்தியது.

சின்னவள் அன்று சாயங்காலமே பதில் போட்டாள். மறுநாள் பத்து மணிக்கு மேலே நாற்காலி இழுபட்டது. பாடம் முழுவதையும் புதிதாகப் பதிவு செய்து, பழையதை எடுத்துவிட்டு, இதைப் போட்டாள். ஆரம்பத்திலேயே கேமராவைப் பார்த்து, "போன தடவை நான் ஒண்ணு தப்பா சொல்லிட்டேன். சுவரில்னு சொன்னேன். நம்ம பூதக்கண்ணாடி சார் திருத்தினாங்க. எல்லாரும் மாத்தி எழுதிக்கோங்க" என்றாள். பலகையில் மூன்று சொல்லையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி அம்புக்குறி போட்டிருந்தாள்.

டீச்சருக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அது விளக்கு வைக்கும் நேரம் வரைகூடத் தங்கவில்லை. வீட்டுப்பாடங்கள் வரிசையாக வரத் தொடங்கின. பல் டாக்டர் 'சுவற்றில் பல்லி இருக்கிறது' என்று எழுதினாள். லாரிக்காரர் வண்டி ஓரத்தில் நின்று அதையே பேசி அனுப்பினார். ஐம்பது பேர், எழுபது பேர், நூறு பேர். வாழ்நாளெல்லாம் துடைத்துக்கொண்டிருந்த ஒரு கறையைத் தானே வாளியில் கலந்து ஊற்றியதுபோல இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அந்த நாளை வரவே இல்லை.

வந்தது வேறு. மொழிப் பாடங்கள் தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்று சின்னவளின் வகுப்பைப் பார்த்துவிட்டு, உங்களுடைய சிறந்த பாடம் ஒன்றை அனுப்புங்கள், பிடித்திருந்தால் முழுப் பாடத்திட்டத்தையும் நீங்களே செய்யலாம் என்று கேட்டிருந்தது. டீச்சருக்கு இது தெரியாது. தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு காலை சின்னவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த டீச்சருக்கு எதிரே உட்கார்ந்தாள். உட்காரச் சொல்லாமல் அவள் அங்கே உட்கார்ந்ததில்லை.

"அக்கா, சுவரிலா, சுவற்றிலா?"

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தார். பொய் சொல்ல நினைத்திருந்தாலும் அந்தக் கேள்விக்கு அவர் நாக்கு பொய் சொல்லாது.

"சுவரில்."

சின்னவள் தலையை ஆட்டினாள். போனைத் திருப்பிக் காட்டினாள். அடிப்படையான பிழையையே பாடத்தின் மையமாக வைத்திருக்கிறார், சரியாக இருந்ததைத் தவறாகத் திருத்தி அதற்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறார், இவரிடம் பாடத்திட்டத்தை ஒப்படைக்க இயலாது என்று அந்த நிறுவனம் எழுதியிருந்தது. எத்தனையோ பாடம் இருக்க அந்தப் பாடத்தை ஏன் அனுப்பினாள் என்பதையும் அவளே சொன்னாள். பூதக்கண்ணாடி சார் பார்த்துத் திருத்தியது, அதனால் அதில் தப்பே இருக்காது என்று நம்பி அனுப்பியிருக்கிறாள்.

அவள் அழவில்லை. பூதக்கண்ணாடி சாரைக் குறை சொல்லவும் இல்லை. பாவம், வயதானவராக இருக்கும், எங்கேயோ நினைவு தவறியிருக்கும், நாற்பத்து மூன்று முறை சரியாகச் சொன்னவர்தானே என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துச்சுக்கா. கீழ வந்து உங்ககிட்ட கேக்கலாம்னு பாதிப் படி இறங்கினேன். பயமா இருந்துச்சு. நீங்க என் பாடத்தை ஒண்ணாவது பார்த்திருப்பீங்களான்னே தெரியல" என்றாள்.

டீச்சர் எழுந்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். ஜன்னல் ஓரம் இருந்த தன் போனை எடுத்துத் திறந்து, சின்னவள் முன்னால் வைத்தார். மேலே மூலையில் பூதக்கண்ணாடி என்று பெயர் இருந்தது. கீழே நாற்பத்து நாலு கருத்துகளும் வரிசையாக இருந்தன.

சின்னவள் விரலால் தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் படித்தாள். முதல் கருத்து வரை போனாள். திரும்பி வந்தாள்.

"மத்ததெல்லாம்?"

"எல்லாம் சரி. இது ஒண்ணுதான்."

"இது மட்டும் ஏன்?"

அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது; யாரும் அணைக்கவில்லை.

"அதுல தப்பே இல்ல" என்றார்.

சின்னவள் அவரைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் பத்து மணிக்கு மேலே நாற்காலி இழுபடவில்லை. அந்தச் சத்தம் நிற்காதா என்று எத்தனையோ நாள் பல்லைக் கடித்தவர் டீச்சர். நின்றபோது வீடு யாரோ ஊருக்குப் போய்விட்டதுபோல இருந்தது. அவர் அந்த நிறுவனத்துக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். தவறு என்னுடையது, அவர் சரியாகத்தான் கற்பித்தார் என்று. தேர்வு முடிந்துவிட்டது, தங்கள் அக்கறைக்கு நன்றி என்று இரண்டு வரிப் பதில் வந்தது. பிறகு அந்த வீடியோவின் கீழே, இம்முறை சொந்தப் பெயரில், பள்ளியின் பெயரையும் போட்டு எழுதினார். "சுவரில் என்பதே சரி. வேண்டுமென்றே தவறாகத் திருத்தியவள் நான். உங்கள் ஆசிரியர் மீது பிழை இல்லை." முந்நூறு பேருக்கு மேல் படித்தார்கள். சிலர் திட்டினார்கள். லாரிக்காரர் திட்டியதில் நாலு எழுத்துப்பிழை இருந்தது. டீச்சர் ஒன்றையும் தொடவில்லை. பல் டாக்டர் மட்டும், அப்படியானால் பல்லி சுவரில்தானே, இனி மாற மாட்டீர்களே என்று கேட்டிருந்தாள்.

கணவர் படித்துவிட்டு அன்று இரவு சாப்பாட்டில் குனிந்த தலை நிமிரவில்லை. பள்ளிச் செயலாளரிடமும் டீச்சரே போய்ச் சொன்னார். அவர் நாற்காலிகளை எண்ணத் தொடங்கினார்.

ஆறாம் நாள் சின்னவள் அந்த வீடியோவை எடுத்துவிட்டு முதலில் செய்ததையே திரும்பப் போட்டாள். பதிவு மறுபடி நடந்தது. ஆனால் அவள் கீழே வரவில்லை. படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிட்டாள். குடிநீர் வந்துவிட்டது, மோட்டார் போடலாமா என்பதுபோல அவசியமான பேச்சு மட்டும். ஒரு மாதம் அப்படிப் போனது. டீச்சர் சமாதானம் பேசப் போகவில்லை. போனால் அவள் பெரிய மனதோடு பரவாயில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தார். அதையும் தாங்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். சின்னவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று இரண்டு தாளை நீட்டினாள். மறுநாள் பாடத்தின் கையெழுத்துப் பிரதி.

"பார்த்துக் குடுங்க. பேனாவால எழுதுங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

டீச்சர் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தார். மூன்று இடத்தில் சுழித்திருந்தார். மாடி ஏறி அந்தப் போர்வை அறையின் வாசலில் நின்று கொடுத்தார். சின்னவள் முதல் இரண்டையும் பேசாமல் திருத்திக்கொண்டாள். மூன்றாவதில் நின்றாள். 'உடமை' என்று எழுதியதை டீச்சர் 'உடைமை' ஆக்கியிருந்தார்.

"நான் பார்த்த போர்டுல எல்லாம் உடமைன்னுதான் போட்டிருக்கு. இது நிஜமாவே தப்பா?"

கேட்ட குரலில் கோபம் இல்லை. கடையில் கொடுத்த பில்லைச் சரிபார்க்கிற குரல். டீச்சர் கீழே போய், அகராதியை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க மறுபடி ஏறி வந்து, பக்கத்தைப் புரட்டிச் சொல்லின்மேல் விரலை வைத்துக் காட்டினார். சின்னவள் குனிந்து படித்தாள். பிறகுதான் பேனாவை எடுத்தாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. திங்கட்கிழமை தாள் வரும். டீச்சர் திருத்துவார். எந்தத் திருத்தத்தையும் சின்னவள் அவர் வாய்வார்த்தையில் ஏற்றுக்கொள்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தைக் காட்ட வேண்டும். முழங்கால் வலித்தாலும் டீச்சர் கொண்டுபோய்க் காட்டினார். மாடி வகுப்பு மூவாயிரத்தைத் தாண்டிய செய்தியைக் கணவர் ஒரு நாள் சொன்னபோது, பழைய இடத்தில் பழையபடி சுருக்கென்று தைத்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த தாள் தப்பு எதுவும் இல்லாமல் இருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்து, அடியில் 'பிழை இல்லை' என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, மேலே அனுப்பிவைத்தார்.